கடல்நீரில் காபனீரொட்சைட்டும் அமிலத்தன்மையும்: அளத்தலும் கணித்தலும்



அமிலங்கள், மூலங்கள், மூல் எண்ணக்கரு, கரைசலின் செறிவு, மடக்கை ஆகியவற்றை நீங்கள் வெவ்வேறு அலகுகளிற் கற்றிருப்பீர்கள். இவை அனைத்தும் ஒரே வினாவில் ஒன்றுசேர்ந்து வரும்போது பல மாணவர்கள் தடுமாறுகின்றனர். அவற்றை ஒன்றிணைத்துப் பயில்வதற்குக் கடல்நீர் மிகப் பொருத்தமான உதாரணமாகும். எனவே இப்பாடத்தில் கடல்நீரை எடுத்துக்கொள்வோம்.

இப்பாடத்தைக் கற்றபின் உங்களால்,
- காபனீரொட்சைட்டு கடல்நீரிற் கரையும்போது நிகழும் தாக்கங்களை எழுத முடியும்.
- பீ.எச். பெறுமானத்திலிருந்து ஐதரசன் அயன் செறிவைக் கணிக்க முடியும்.
- நியமிப்பு மூலம் கடல்நீரின் காரத்தன்மையைத் துணிய முடியும்.
- பீ.எச். பெறுமானத்தில் ஏற்படும் சிறிய மாற்றம் ஏன் பெரிய விளைவைத் தருகிறது என்பதை விளக்க முடியும்.

1. பிரச்சினை யாது?

சுவட்டு எரிபொருட்களை எரிப்பதால் வளிமண்டலத்தில் காபனீரொட்சைட்டின் அளவு கூடிவருகிறது. கைத்தொழிற் புரட்சிக்கு முன்னர் அது மில்லியனில் ஏறத்தாழ 280 பகுதிகளாக இருந்தது. 1958 ஆம் ஆண்டில் சார்ள்ஸ் டேவிட் கீலிங் என்னும் விஞ்ஞானி ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் தொடர்ச்சியான அளவீட்டை ஆரம்பித்தார். அங்கு 1959 இல் ஆண்டுச் சராசரி ஏறத்தாழ 316 ஆக இருந்தது. 2024 இல் அது ஏறத்தாழ 424 ஆகியது.

மனிதச் செயற்பாடுகளால் ஆண்டுதோறும் வெளியேறும் காபனீரொட்சைட்டில் ஏறத்தாழ நான்கிலொரு பங்கைக் கடல் உறிஞ்சிக் கொள்கிறது. இதனால் வளிமண்டலம் வெப்பமடைதல் ஓரளவு குறைகிறது. ஆயினும் கடல்நீரின் இரசாயன அமைப்பு மாறுகிறது. கைத்தொழிற் புரட்சிக்குப் பின்னர் மேற்பரப்புக் கடல்நீரின் சராசரி பீ.எச். பெறுமானம் ஏறத்தாழ 8.2 இலிருந்து 8.1 ஆகக் குறைந்துள்ளது. இதுவே கடல் அமிலமாகுதல் எனப்படும்.

வெறும் 0.1 தானே என்று எண்ணத் தோன்றும். அந்த எண்ணம் சரியா, தவறா என்பதை நீங்களே கணித்து அறியப் போகிறீர்கள்.

2. கரையும்போது நிகழ்வது யாது?

காபனீரொட்சைட்டு நீரிற் கரையும்போது பின்வரும் மீள்தாக்கங்கள் அடுத்தடுத்து நிகழ்கின்றன.

(அ) காபனீரொட்சைட்டு + நீர் ⇌ காபோனிக் அமிலம்
(ஆ) காபோனிக் அமிலம் ⇌ ஐதரசன் அயன் + இருகாபனேற்று அயன்
(இ) இருகாபனேற்று அயன் ⇌ ஐதரசன் அயன் + காபனேற்று அயன்

இருகாபனேற்று அயனை ஐதரசன்காபனேற்று அயன் எனவும் அழைப்பர். இரண்டும் ஒன்றே.

பீ.எச். ஏறத்தாழ 8.1 ஆகவுள்ள கடல்நீரில் கரைந்துள்ள அசேதனக் காபனை 100 பங்குகளாகக் கொண்டால், பருமட்டாக 90 பங்கு இருகாபனேற்று அயன்களாகவும், 9 பங்கு காபனேற்று அயன்களாகவும், 1 பங்கு மாத்திரம் காபனீரொட்சைட்டாகவும் இருக்கும்.

இனி, மேலதிகக் காபனீரொட்சைட்டு கரைகிறது எனக் கொள்க. (ஆ) இல் தோன்றும் ஐதரசன் அயன்களிற் பெரும்பாலானவை காபனேற்று அயன்களுடன் சேர்ந்து இருகாபனேற்று அயன்களாகின்றன. ஒட்டுமொத்தத் தாக்கம் வருமாறு:

காபனீரொட்சைட்டு + நீர் + காபனேற்று அயன் → 2 இருகாபனேற்று அயன்

இதனால் இரண்டு விளைவுகள் ஏற்படுகின்றன. ஒன்று, காபனேற்று அயன்கள் பெரும்பகுதி ஐதரசன் அயன்களை அகற்றுவதால் பீ.எச். பெறுமானம் சடுதியாக வீழ்வதில்லை. மற்றையது, காபனேற்று அயன்களின் செறிவு குறைகிறது. சிப்பிகள், நத்தைகள், முருகைகள் ஆகியன தமது ஓட்டையும் வன்கூட்டையும் கல்சியங் காபனேற்றினால் ஆக்குகின்றன. காபனேற்று அயன்கள் குறையும்போது அவற்றை ஆக்குவது கடினமாகிறது. மிகவும் குறைந்தால் ஏற்கனவே ஆக்கிய ஓடும் கரையத் தொடங்கும்.

ஞாபகத்தில் வைத்திருங்கள்: காபனீரொட்சைட்டு கூடும்போது கடல்நீரில் ஐதரசன் அயன் கூடும், இருகாபனேற்று அயன் கூடும், காபனேற்று அயன் குறையும். பரீட்சையில் மூன்றையும் சேர்த்து எழுதுக.

3. பீ.எச். பெறுமானமும் மடக்கையும்

பீ.எச். அளவிடையை 1909 ஆம் ஆண்டில் டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரிலிருந்த கார்ல்ஸ்பேர்க் ஆய்வுகூடத்தில் சோரன்சன் என்பவர் அறிமுகப்படுத்தினார். மிகச் சிறிய செறிவுகளை இலகுவான எண்களால் குறிப்பதே அவரது நோக்கம்.

பீ.எச். = − மட (ஐதரசன் அயன் செறிவு)

இங்கு மட என்பது 10 ஐ அடியாகக் கொண்ட மடக்கையாகும். எனவே,

ஐதரசன் அயன் செறிவு = 10 இன் அடுக்கு (− பீ.எச்.)

உதாரணம் 1: கடல்நீரின் பீ.எச். 8.2 இலிருந்து 8.1 ஆகக் குறைந்தால் ஐதரசன் அயன் செறிவு எத்தனை சதவீதத்தால் அதிகரிக்கும்?

படி 1: பீ.எச். 8.2 ஆகும்போது அடுக்கு −8.2 ஆகும். மடக்கை அட்டவணையைப் பயன்படுத்துவதற்குத் தசமப் பகுதி நேராக இருத்தல் வேண்டும். எனவே −8.2 = −9 + 0.8 என எழுதுக.
முரண்மடக்கை 0.8 = 6.310
செறிவு = 6.310 × 10⁻⁹ மூல்/கிலோகிராம்

படி 2: பீ.எச். 8.1 ஆகும்போது −8.1 = −9 + 0.9
முரண்மடக்கை 0.9 = 7.943
செறிவு = 7.943 × 10⁻⁹ மூல்/கிலோகிராம்

படி 3: விகிதம் = 7.943 ÷ 6.310 = 1.259

ஆகவே அதிகரிப்பு ஏறத்தாழ 26 சதவீதமாகும்.

குறுக்கு வழி: விகிதம் மாத்திரம் தேவையெனில் இரு பீ.எச். பெறுமானங்களின் வித்தியாசத்தின் முரண்மடக்கையை நேரடியாக எடுக்கலாம். முரண்மடக்கை 0.1 = 1.259. விடை அதுவே.

வெறும் 0.1 தானே என்பதற்கு இப்போது உங்களிடம் விடை உண்டு. ஒருவரின் மாதச் செலவு 26 சதவீதத்தால் கூடினால் அதைச் சிறிய மாற்றம் என்று எவரும் கூறமாட்டார்.

மாணவர்கள் பொதுவாக விடும் தவறு: −8.2 ஐ −8 + 0.2 என எழுதுதல். −8 + 0.2 என்பது −7.8 ஆகும். இத்தவறினால் முழுக் கணிப்பும் பிழையாகும்.

4. எவற்றை அளக்க வேண்டும்?

கடல்நீரின் காபனீரொட்சைட்டுத் தொகுதியை அறிவதற்கு விஞ்ஞானிகள் நான்கு கணியங்களை அளப்பர்.

(1) பீ.எச். பெறுமானம்: கண்ணாடி மின்வாயுள்ள மானியினால் அளக்கலாம். மிகத் திருத்தமாக அளப்பதற்கு மெற்றா கிரசோல் ஊதா என்னும் சாயத்தைக் கடல்நீரில் இட்டு, 434, 578 நனோமீற்றர் அலைநீளங்களில் ஒளி எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என ஒப்பிடுவர்.

(2) காபனீரொட்சைட்டின் பகுதியமுக்கம்: கடல்நீரைச் சிறிதளவு வளியுடன் சமநிலை அடையவிட்டு, அவ்வளியிலுள்ள காபனீரொட்சைட்டைச் செந்நிறக்கீழ்க் கதிர்களை உறிஞ்சும் அளவிலிருந்து அறிவர்.

(3) மொத்த அசேதனக் காபன்: மாதிரியுடன் பொசுபோரிக் அமிலம் சேர்க்கும்போது காபனேற்று, இருகாபனேற்று அயன்கள் யாவும் காபனீரொட்சைட்டாக மாறும். அதனை நைதரசன் வாயுவினால் வெளியேற்றி அளப்பர்.

(4) மொத்தக் காரத்தன்மை: ஐதரோகுளோரிக் அமிலத்துடன் நியமித்து அறிவர்.

இந்நான்கும் ஒன்றோடொன்று தொடர்புடையவை. வெப்பநிலையும் உவர்த்தன்மையும் தெரிந்திருப்பின், நான்கில் எவையேனும் இரண்டை அளந்தாற் போதும். ஏனைய இரண்டையும் கணித்துக் கொள்ளலாம். ஒன்றை மாத்திரம் அளந்தால் போதாது. ஒரு முக்கோணத்தின் ஒரு கோணத்தை மட்டும் அறிந்தால் ஏனைய கோணங்களைக் காண முடியாதது போன்றதே இதுவும்.

5. செயற்பாடு: கடல்நீரின் காரத்தன்மையைத் துணிதல்

தேவையானவை: வடிகட்டிய கடல்நீர், செறிவு 0.01 மூல்/கன தெசிமீற்றர் ஆகவுள்ள ஐதரோகுளோரிக் அமிலம், மெதயில் செம்மஞ்சள் காட்டி, அளவி, 25 கன சென்ரிமீற்றர் குழாயி, கூம்புக் குடுவை, வெள்ளைத் தாள், காய்ச்சி வடித்த நீர்.

செய்முறை:
1. அளவியை முதலிற் காய்ச்சி வடித்த நீரினாலும் பின்னர் அமிலத்தினாலும் கழுவி, அமிலத்தை நிரப்புக. முனையில் வளிக்குமிழி இல்லாதிருப்பதை உறுதி செய்க.
2. குழாயியினால் இருமுறை எடுத்து 50 கன சென்ரிமீற்றர் கடல்நீரைக் கூம்புக் குடுவையில் இடுக.
3. காட்டியில் 2 துளிகள் சேர்க்குக. நிறம் மஞ்சளாகும்.
4. குடுவையை வெள்ளைத் தாளின்மீது வைத்துச் சுழற்றியவாறு அமிலத்தைச் சிறிது சிறிதாகச் சேர்க்குக.
5. மஞ்சள் நிறம் செம்மஞ்சளாக மாறும் கணத்தில் நிறுத்தி வாசிப்பைக் குறிக்குக.
6. முதலாவது வாசிப்பைப் பருமட்டானதாகக் கொண்டு, மேலும் இரு தடவைகள் செய்து சராசரியைக் காண்க.

அமிலம் கண்ணிற் படாதவாறு பாதுகாப்புக் கண்ணாடி அணிக. குழாயியை வாயினால் உறிஞ்சலாகாது.

நிகழும் பிரதான தாக்கம்:
இருகாபனேற்று அயன் + ஐதரசன் அயன் → நீர் + காபனீரொட்சைட்டு

உதாரணம் 2: மேற்படி செயற்பாட்டில் பெறப்பட்ட வாசிப்புகள் 12.10 (பருமட்டானது), 11.70, 11.80 கன சென்ரிமீற்றர் எனக் கொள்க. காரத்தன்மையைக் கணிக்க.

சராசரி = (11.70 + 11.80) ÷ 2 = 11.75 கன சென்ரிமீற்றர்
பயன்பட்ட அமிலத்தின் மூல் அளவு = 0.01 × 11.75 ÷ 1000 = 1.175 × 10⁻⁴ மூல்
50 கன சென்ரிமீற்றர் கடல்நீர் ஏற்றுக்கொண்ட ஐதரசன் அயன் = 1.175 × 10⁻⁴ மூல்
1000 கன சென்ரிமீற்றருக்கு = 1.175 × 10⁻⁴ × 1000 ÷ 50 = 2.35 × 10⁻³ மூல்

எனவே காரத்தன்மை 2.35 × 10⁻³ மூல்/கன தெசிமீற்றர் ஆகும்.

கடலியலாளர்கள் கனவளவுக்குப் பதிலாகத் திணிவைப் பயன்படுத்துவர். ஏனெனில் வெப்பநிலையுடன் கனவளவு மாறும், திணிவு மாறாது. 25 பாகை செல்சியசில் ஒரு கன தெசிமீற்றர் கடல்நீரின் திணிவு ஏறத்தாழ 1.023 கிலோகிராம். ஆகவே,

காரத்தன்மை = 2.35 × 10⁻³ ÷ 1.023 = 2.30 × 10⁻³ மூல்/கிலோகிராம்

திறந்த சமுத்திரத்தின் மேற்பரப்பு நீரிற் பொதுவாகக் காணப்படும் பெறுமானத்துக்கு இது மிக அண்மையானது.

கவனிக்க: இங்கு பெறப்படுவது இருகாபனேற்று அயனின் செறிவு மாத்திரமன்று. ஒவ்வொரு காபனேற்று அயனும் இரண்டு ஐதரசன் அயன்களை ஏற்கும். போரேற்று அயன்களும் சிறிதளவு ஏற்கும். இவை யாவற்றினதும் கூட்டுத்தொகையே மொத்தக் காரத்தன்மை. எனவே இருகாபனேற்று அயன் செறிவு இதனைவிடச் சிறிது குறைவாகவே இருக்கும்.

இதே நியமிப்பைக் காய்ச்சி வடித்த நீருக்குச் செய்து பாருங்கள். ஒரு சில துளிகளிலேயே நிறம் மாறிவிடும். கடல்நீருக்கோ நூற்றுக்கு மேற்பட்ட துளிகள் தேவைப்படும். கடல்நீர் பீ.எச். மாற்றத்தை எதிர்க்கும் ஆற்றலுடையது என்பதற்கு இது சான்றாகும்.

6. கணித்தல்: வளியிலிருந்து பீ.எச். வரை

இப்பகுதி சற்று மேலதிகமானது. ஆயினும் பெருக்கலும் மடக்கையும் தெரிந்த எவரும் இதனைச் செய்யலாம்.

ஒரு வாயு நீரிற் கரையும் அளவு அவ்வாயுவின் பகுதியமுக்கத்துக்கு நேர்விகித சமமாகும். இதனை 1803 இல் வில்லியம் ஹென்றி எடுத்துரைத்தார்.

கரைந்த காபனீரொட்சைட்டின் செறிவு = கரைதிறன் மாறிலி × பகுதியமுக்கம்

25 பாகை செல்சியசில், உவர்த்தன்மை 35 ஆகவுள்ள கடல்நீருக்கு இம்மாறிலி ஏறத்தாழ 0.028 மூல்/கிலோகிராம்/வளிமண்டலம். உவர்த்தன்மை 35 என்பது ஒரு கிலோகிராம் கடல்நீரில் 35 கிராம் உப்புகள் உள்ளமையைக் குறிக்கும்.

உதாரணம் 3: கடல்நீர் மாதிரியொன்றில் காபனீரொட்சைட்டின் பகுதியமுக்கம் 420 × 10⁻⁶ வளிமண்டலம். இருகாபனேற்று அயன் செறிவு 1.75 × 10⁻³ மூல்/கிலோகிராம். பீ.எச். பெறுமானத்தைக் கணிக்க.

படி 1: கரைந்த காபனீரொட்சைட்டு = 0.028 × 420 × 10⁻⁶ = 1.176 × 10⁻⁵. இதனை 1.2 × 10⁻⁵ மூல்/கிலோகிராம் எனக் கொள்வோம்.

படி 2: முன்னர் கண்ட (அ), (ஆ) தாக்கங்கள் சமநிலையில் உள்ளபோது,
ஐதரசன் அயன் செறிவு = மாறிலி × கரைந்த காபனீரொட்சைட்டு ÷ இருகாபனேற்று அயன்
25 பாகை செல்சியசில் இக்கடல்நீருக்கு இம்மாறிலி ஏறத்தாழ 1.4 × 10⁻⁶.
ஐதரசன் அயன் செறிவு = 1.4 × 10⁻⁶ × 1.2 × 10⁻⁵ ÷ (1.75 × 10⁻³) = 9.6 × 10⁻⁹ மூல்/கிலோகிராம்

படி 3: மட 9.6 = 0.982
பீ.எச். = 9 − 0.982 = 8.02 (ஏறத்தாழ)

சிந்திக்க: கரைந்த காபனீரொட்சைட்டு இரு மடங்காகி, இருகாபனேற்று மாறாதிருப்பின் ஐதரசன் அயன் செறிவும் இரு மடங்காகும். மட 2 = 0.301 ஆதலால் பீ.எச். ஏறத்தாழ 0.3 இனால் குறையும். உண்மையில் இருகாபனேற்றும் சிறிது கூடுவதால் வீழ்ச்சி இதனைவிடச் சற்றுக் குறைவாக இருக்கும்.

வெப்பநிலையின் தாக்கம்: 0 பாகை செல்சியசில் கரைதிறன் மாறிலி 25 பாகையில் உள்ளதைப் போன்று இரு மடங்கிலும் அதிகம். குளிர்ந்த சோடாவைவிட வெப்பமான சோடாவிலிருந்து வாயு விரைவாக வெளியேறுவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். எனவே குளிர்ந்த துருவக் கடல்கள் அதிக காபனீரொட்சைட்டைக் கரைக்கின்றன. அக்கடல்களில் காபனேற்று அயன்கள் இயல்பாகவே குறைவு.

7. அளவீட்டில் கவனிக்க வேண்டியவை

பீ.எச். தாள் முழு எண்ணளவான வேறுபாட்டையே காட்டும். ஹவாய்க்கு வடக்கேயுள்ள அலோஹா என்னும் அவதான நிலையத்தில் 1988 முதல் கடல்நீர் ஒழுங்காக அளக்கப்படுகிறது. அங்கு பீ.எச். ஆண்டுக்கு ஏறத்தாழ 0.002 இனால் குறைந்து வந்துள்ளது. இவ்வீதத்தில் ஒரு முழு அலகு குறைய 1 ÷ 0.002 = 500 ஆண்டுகள் செல்லும். பீ.எச். தாளை மட்டும் நம்பியிருந்தால் இம்மாற்றத்தை நாம் அறிந்திருக்கவே மாட்டோம். எனவே கருவியின் திருத்தம் அளக்கப்படும் மாற்றத்தைவிட நுண்ணியதாக இருத்தல் வேண்டும்.

மாதிரி எடுக்கும்போது பின்வருவனவற்றைக் கடைப்பிடிப்பர்.

- கண்ணாடிப் போத்தலை அடியிலிருந்து நிரப்பி, நீர் வழிந்தோட விடுவர். குமிழிகள் உண்டாகாதவாறு பார்த்துக்கொள்வர். காரணம்: வளியுடன் காபனீரொட்சைட்டுப் பரிமாற்றம் நிகழ்வதைத் தவிர்த்தல்.
- சிறிதளவு மேர்க்கூரிக் குளோரைட்டுக் கரைசல் சேர்ப்பர். காரணம்: நுண்ணங்கிகளின் சுவாசத்தையும் ஒளித்தொகுப்பையும் நிறுத்துதல். இது நச்சுப் பொருளாதலால் பாடசாலையிற் பயன்படுத்தலாகாது.
- வெப்பநிலையைக் குறிப்பர். காரணம்: மூடிய மாதிரியொன்றின் வெப்பநிலை 1 பாகையால் உயர்ந்தால் பீ.எச். ஏறத்தாழ 0.015 இனால் குறையும். 5 பாகை வேறுபாடு 0.075 வழுவை ஏற்படுத்தும். கைத்தொழிற் புரட்சிக்குப் பின்னர் ஏற்பட்ட முழு மாற்றத்துக்கு இது கிட்டியது.
- செறிவு ஏற்கனவே அறியப்பட்ட நியமக் கடல்நீரைக் கொண்டு கருவியைச் சரிபார்ப்பர். அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் சமுத்திரவியல் நிறுவனத்தில் அன்ட்ரூ டிக்சனின் ஆய்வுகூடம் இத்தகைய நியம மாதிரிகளை 1990களின் தொடக்கத்திலிருந்து உலகெங்கும் வழங்கியது. இதனாலேயே வெவ்வேறு நாடுகளின் அளவீடுகளை ஒப்பிட முடிகிறது.

8. ஓர் உண்மைச் சம்பவம்: சிப்பிக் குடம்பிகளைக் காத்த அளவீடு

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் நெற்றாட்ஸ் குடாவின் கரையில் பசிபிக் சிப்பிகளை இனம்பெருக்கும் நிலையமொன்று உள்ளது. 2007 ஆம் ஆண்டளவில் அங்கு கோடிக்கணக்கான சிப்பிக் குடம்பிகள் இறக்கத் தொடங்கின. சிப்பி வளர்ப்போர் பலர் தமது பண்ணைகளுக்கு வேண்டிய குடம்பிகளை இத்தகைய நிலையங்களிலிருந்தே பெற்று வந்தனர். அவர்களது பிழைப்பு கேள்விக்குறியானது.

முதலில் பற்றீரியா ஒன்றின்மீது சந்தேகம் எழுந்தது. நீரைச் சுத்திகரித்தும் இறப்பு நிற்கவில்லை. பின்னர் கடல்நீரின் இரசாயனத்தை அளந்தபோதே காரணம் தெரியவந்தது. வடக்கிலிருந்து காற்று வீசும் காலங்களில் ஆழ்கடலின் குளிர்ந்த நீர் மேலெழுந்து கரையை அடைகிறது. ஆழத்தில் உயிரினங்களின் சுவாசத்தால் அந்நீரில் காபனீரொட்சைட்டு ஏற்கனவே அதிகம். பல தசாப்தங்களுக்கு முன்னர் மேற்பரப்பில் இருந்தபோது வளியிலிருந்து பெற்ற மேலதிக காபனீரொட்சைட்டும் அதனுடன் சேர்ந்திருந்தது. இதனால் காபனேற்று அயன்கள் குறைந்திருந்தன. குடம்பி தனது முதல் ஓட்டை வாழ்வின் முதல் இரு நாட்களில் ஆக்க வேண்டும். அப்போது அதனிடம் இருப்பது முட்டையிலிருந்து பெற்ற சிறிதளவு சக்தி மாத்திரமே. ஓட்டை ஆக்குவதற்கு அதிக சக்தியைச் செலவிட்ட குடம்பிகள் மடிந்தன.

பரிகாரம் இரண்டு வகைப்பட்டது. முதலாவதாக, நீரைத் தொடர்ந்து அளந்து, நல்ல நீர் உள்ள வேளையில் மாத்திரம் தொட்டிகளை நிரப்பினர். பகலில் குடாவிலுள்ள தாவரங்கள் ஒளித்தொகுப்புக்காகக் காபனீரொட்சைட்டை அகற்றுவதால் பிற்பகலில் பீ.எச். உயர்ந்திருக்கும். இரண்டாவதாக, தொட்டி நீருடன் சோடியங் காபனேற்றைச் சேர்த்தனர். இது நீங்கள் கற்ற தாக்கமே:

காபனேற்று அயன் + காபனீரொட்சைட்டு + நீர் → 2 இருகாபனேற்று அயன்

காபனீரொட்சைட்டு குறைந்தது, காபனேற்று அயன்கள் கூடின, உற்பத்தி மீண்டது. எனினும் இப்பரிகாரம் தொட்டிக்கே உரியது. முழுச் சமுத்திரத்துக்கும் சோடியங் காபனேற்றைச் சேர்க்க இயலாது. அங்கு செய்யக்கூடியது காபனீரொட்சைட்டு வெளியேற்றத்தைக் குறைப்பதேயாகும்.

உதாரணம் 4: 1000 கிலோகிராம் கடல்நீர் உள்ள தொட்டியின் காரத்தன்மையை 2.0 × 10⁻⁴ மூல்/கிலோகிராம் அளவால் உயர்த்தத் தேவையான சோடியங் காபனேற்றின் திணிவு யாது? (சோடியம் 23, காபன் 12, ஒட்சிசன் 16)

தேவையான காரத்தன்மை = 2.0 × 10⁻⁴ × 1000 = 0.2 மூல்
ஒரு மூல் காபனேற்று 2 மூல் ஐதரசன் அயனை ஏற்கும். எனவே தேவையான சோடியங் காபனேற்று = 0.2 ÷ 2 = 0.1 மூல்
மூலர்த் திணிவு = (2 × 23) + 12 + (3 × 16) = 106 கிராம்/மூல்
திணிவு = 0.1 × 106 = 10.6 கிராம்

ஒரு தொன் நீருக்கு 10.6 கிராம் மாத்திரம் போதும் என்பது வியப்பாக இருக்கலாம். சரியாக அளந்தால் சிறிதளவு பொருளே போதுமானது.

9. குழப்பத்தை நீக்குக

(1) கடல் அமிலமாகிவிட்டது என எழுதாதீர்கள். பீ.எச். 8.1 என்பது மூல இயல்பே. பீ.எச். பெறுமானம் குறைந்து வருவதையே அமிலமாகுதல் என்கிறோம்.

(2) முருகைக் கற்பாறைகள் வெளிறுதல் வேறு, கடல் அமிலமாகுதல் வேறு. 1998 இல் ஹிக்கடுவையில் முருகைகள் வெளிறி இறந்தமைக்குப் பிரதான காரணம் கடல்நீரின் வெப்பநிலை உயர்ந்தமையாகும். வெப்பம் கூடும்போது முருகைகளுடன் ஒன்றியமாக வாழும் அல்காக்கள் வெளியேறுவதால் நிறம் நீங்குகிறது. அமிலமாகுதல் வன்கூடு ஆக்கப்படுவதைப் பாதிக்கிறது. இரண்டுக்கும் காபனீரொட்சைட்டு அதிகரிப்பே பொதுவான காரணம்.

(3) அமில மழை பிரதானமாகக் கந்தக, நைதரசன் ஒட்சைட்டுகளால் ஏற்படுகிறது. இதனையும் கடல் அமிலமாகுதலையும் ஒன்றாகக் கருதலாகாது.

10. பயிற்சி

பகுதி 1: மிகப் பொருத்தமான விடையைத் தெரிக.

1. கடல்நீர் மாதிரியொன்றின் பீ.எச். 8.2 இலிருந்து 8.1 ஆகியது. இம்மாதிரி,
(1) அமில இயல்பை அடைந்துள்ளது.
(2) நடுநிலையானது.
(3) மூல இயல்புடையது, ஐதரசன் அயன் செறிவு கூடியுள்ளது.
(4) மூல இயல்புடையது, ஐதரசன் அயன் செறிவு குறைந்துள்ளது.

2. கடல்நீரிற் காபனீரொட்சைட்டு மேலும் கரையும்போது செறிவு குறைவது,
(1) ஐதரசன் அயன் (2) இருகாபனேற்று அயன் (3) காபனேற்று அயன் (4) சோடியம் அயன்

3. காபனீரொட்சைட்டு மிக அதிகமாகக் கரைவது,
(1) குளிர்ந்த நீரில், உயர் பகுதியமுக்கத்தில்
(2) குளிர்ந்த நீரில், தாழ் பகுதியமுக்கத்தில்
(3) வெப்பமான நீரில், உயர் பகுதியமுக்கத்தில்
(4) வெப்பமான நீரில், தாழ் பகுதியமுக்கத்தில்

4. காபனீரொட்சைட்டு மிகுந்த ஆழ்கடல் நீர் திறந்த முகவையொன்றில் வெப்பநிலை மாறாது பல மணி நேரம் வைக்கப்பட்டது. அதன் பீ.எச்.,
(1) கூடும் (2) குறையும் (3) மாறாது (4) 7 ஆகும்

பகுதி 2: அமைப்புக் கட்டுரை வினா

25.00 கன சென்ரிமீற்றர் கடல்நீரை நியமிப்பதற்கு, செறிவு 0.01 மூல்/கன தெசிமீற்றர் ஆகவுள்ள ஐதரோகுளோரிக் அமிலம் 5.80 கன சென்ரிமீற்றர் தேவைப்பட்டது.

(அ) பயன்பட்ட அமிலத்தின் மூல் அளவைக் கணிக்க.
(ஆ) கடல்நீரின் காரத்தன்மையை மூல்/கன தெசிமீற்றரில் தருக.
(இ) அளவியைக் காய்ச்சி வடித்த நீரினால் மாத்திரம் கழுவி அமிலத்தை நிரப்பினால் விடை எவ்வாறு பாதிக்கப்படும்? காரணம் தருக.
(ஈ) இக்கடல்நீரின் பீ.எச். 8.1 இலிருந்து 7.8 ஆகக் குறைந்தால் ஐதரசன் அயன் செறிவு எத்தனை மடங்காகும்?
(உ) அதனால் சிப்பிக் குடம்பிகளுக்கு ஏற்படும் பாதிப்பை இரு வாக்கியங்களில் விளக்குக.

விடைகள்

பகுதி 1: 1 – (3), 2 – (3), 3 – (1), 4 – (1)

பகுதி 2:
(அ) 0.01 × 5.80 ÷ 1000 = 5.8 × 10⁻⁵ மூல்
(ஆ) 5.8 × 10⁻⁵ × 1000 ÷ 25 = 2.32 × 10⁻³ மூல்/கன தெசிமீற்றர்
(இ) அளவியில் எஞ்சிய நீரினால் அமிலம் ஐதாகும். கூடுதலான கனவளவு தேவைப்படும். எனவே காரத்தன்மை உண்மைப் பெறுமானத்தைவிட அதிகமாகப் பெறப்படும்.
(ஈ) வித்தியாசம் 0.3. முரண்மடக்கை 0.3 = 1.995. ஆகவே ஏறத்தாழ இரு மடங்கு.
(உ) பீ.எச். குறையும்போது காபனேற்று அயன்களின் செறிவும் குறைகிறது. ஆதலால் குடம்பிகள் கல்சியங் காபனேற்று ஓட்டை ஆக்குவதற்கு அதிக சக்தியைச் செலவிட நேர்ந்து, வளர்ச்சி குன்றும் அல்லது அவை இறக்கும்.

பகுதி 2 (இ) போன்ற வினாக்களில் விடையை மாத்திரம் எழுதி நிறுத்தாதீர்கள். காரணத்துக்கும் புள்ளிகள் உண்டு. கணிப்புகளில் ஒவ்வொரு படியையும் அலகுடன் எழுதுக. இறுதி விடை தவறினாலும் சரியான படிகளுக்குப் புள்ளிகள் கிடைக்கும். மேலே தந்த உதாரணங்களை விடையைப் பாராது மீண்டும் ஒருமுறை செய்து பாருங்கள்.